ஷேட் கார்டும் சொட்டு மருந்தும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் என்றொரு வேலை உண்டு. வெளிநாட்டு பையருக்கும், இங்கே நூல், சாயம், கட்டிங், தையல் என்று சிதறிக் கிடக்கும் வேலைகளுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் மெயில், அப்புறம் எக்செல், சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் எனும் சாய மாதிரித் துணி வந்தால் லைட் பாக்ஸுக்குள் வைத்து ஷேட் கார்டோடு ஒப்பிடுதல், சாயங்காலம் மறுபடி மெயில். முழுக்க முழுக்கக் கண்ணை நம்பி நடக்கும் பிழைப்பு.

அந்த வேலையில் இருக்கும், முப்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மூக்கில் சுமந்த கண்ணாடியைக் கழற்றிவிட லேசிக் செய்துகொண்டார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. பரிசோதனை அட்டையின் அடிவரி வரை தடங்கல் இல்லாமல் படித்தார். கேஸ் ஷீட்டின்படி எல்லாம் சரி. ஆனால் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கண் மக்கர் பண்ணத் தொடங்கியது.

கோளாறு கண் வறட்சிதான் என்றாலும், முதலில் தெரிந்தது தண்ணீர். ஏசி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கன்னத்தில் நீர் கோடு இறங்கும். கட்டிங் மாஸ்டர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஏனுங் மேடம், ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று கேட்டேவிட்டார். "ஏசி காத்துங்ண்ணா" என்று சொல்லிச் சமாளித்தாலும், காற்றில் வறளும் கண்ணுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அவருக்கே புரியவில்லை.

கண்ணீரை வெறும் உப்புத் தண்ணீர் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. கருவிழியை ஒட்டிக் கொழகொழப்பான ஒரு பூச்சு, அதோடு கலந்து நீர், எல்லாவற்றுக்கும் மேலே அது ஆவியாகாமல் காக்கும் மெல்லிய எண்ணெய். மூன்றும் சேர்ந்ததுதான் கண்ணீர்ப் படலம். எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். மூன்றில் எது குறைந்தாலும் படலம் சீக்கிரம் கிழிந்து கருவிழி காய்கிறது. காய்ந்தால் உறுத்தும், உறுத்தினால் கண்ணீர்ச் சுரப்பி அவசரத்துக்குத் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரில் மற்ற இரண்டும் போதிய அளவு இல்லாததால் அது வழிந்துதான் போகும், கண்ணில் நிற்காது.

லேசிக் இதில் எங்கே வருகிறது? கருவிழியின் மேல்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மடலைத் திரும்ப மூடுகிறார்கள். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று கருவிழி. மடலோடு சேர்ந்து அவற்றில் பலவும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்ற சேதி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததால் சுரப்பதும் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. நரம்புகள் திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் தணிந்துவிடுகிறது, சிலருக்கு நீடிக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்தி, 2017இல் வெளியான ப்ரவுல் ஆய்வுகளில், முன்பு வறட்சி அறிகுறியே இல்லாதவர்களில் 28 சதவீதம் பேர் வரை, சிகிச்சை முடிந்த 3 மாதத்தில் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகும் இதே தொல்லை வருவதுண்டு; வயதின் கோளாறு என்று வீட்டில் ஒதுக்கிவிடுவதால் அது அதிகம் வெளியே வருவதில்லை.

அவருக்குத் தண்ணீர் வழிந்ததைவிடப் பெரிய பயம் லைட் பாக்ஸுக்குள் காத்திருந்தது. ஷேட் கார்டையும் சாயமேற்றிய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நேவி நீலத்தின் ஓரம் மெல்லக் கலங்கும். ஒருமுறை இமைத்தால் தெளியும். சில நொடி போனதும் மறுபடி கலங்கும். ட்யூப் லைட் போயிருக்கும் என்று மெயின்டனன்ஸ் ஆளை வரவழைத்து மாற்றிப் பார்த்தும் அப்படியேதான். பவர் மாறிவிட்டதோ, லேசிக் பலிக்கவில்லையோ என்று ராத்திரித் தூக்கம் போனது. இமைத்தால் தெளிவது வறட்சிக்கே உரிய அடையாளம். வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும் முதல் பரப்பு கண்ணீர்ப் படலம்தான். அது மேடுபள்ளமானால் எவ்வளவு நல்ல பார்வையும் மங்கும். இந்த ஒரு விவரத்தை அவர் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லியிருந்தால், கண்ணாடி பவர் சோதனைக்காக அலைந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். கண் எரியுது டாக்டர் என்பதோடு நிறுத்தாமல் எப்போது, எந்த வேலையில், எவ்வளவு நேரத்தில், இமைத்தால் என்ன ஆகிறது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போவது பாதி நோயறிதலுக்குச் சமம்.

அதற்குள் மருந்துக்கடை மருத்துவமும் நடந்தது. கண் சிவந்திருக்கிறது என்றதும் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெள்ளையாக்கும்; நிறுத்தினால் பழையபடி, சில சமயம் பழையதைவிட மோசமாக, சிவக்கும். வறட்சிக்கு அதில் மருந்தே இல்லை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள் இன்னும் ஆபத்து. போட்ட அன்றே சுகமாக இருப்பதால் சீட்டில்லாமல் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அவை கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றி, வலியே காட்டாமல் பார்வை நரம்பைக் கெடுத்துவிடக் கூடியவை.

ஒருவழியாகச் சரியான சோதனைகள் நடந்தன. கீழ் இமைக்குள் 35 மில்லிமீட்டர் நீளக் காகிதத் துண்டை மடித்துச் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. இன்னொன்றில் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, படலம் உடைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். 10 நொடிக்குள் உடைந்தால் கோளாறு. இவருக்குக் காகிதம் ஓரளவு நனைந்தது. படலம்தான் உடனே உடைந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தைவிட எண்ணெய்ப் பஞ்சம்தான் பெரிது. சுரப்பிகளில் எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்திருந்தது. அதுவரை டஜன் கணக்கில் வாங்கிப் போட்ட சொட்டு மருந்து ஏன் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை என்பதற்கு அங்கேதான் விடை கிடைத்தது. எந்த வகை வறட்சி என்று தெரியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பது பணத்துக்குத்தான் கேடு.

எண்ணெய் அடைப்புக்குச் சூட்டு ஒத்தடம். சும்மா ஒரு வெந்நீர்த் துணியை வைத்து எடுத்தால் போதாது; துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், எண்ணெய் இளகாது. ஏறக்குறைய 40 டிகிரிச் சூடு, 5 முதல் 10 நிமிடம் வரை விடாமல் இருக்க வேண்டும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? சாம்பிள் வெட்டிய மிச்சத்தில் வெள்ளை இன்டர்லாக் துணியை நான்காக மடித்து இரண்டு பட்டை தைத்துக்கொண்டார். பிளாஸ்கில் வெந்நீர். ஒன்று கண்ணில் இருக்கும்போது இன்னொன்று நனைந்துகொண்டிருக்கும். பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகுதான் மூடிய இமைமேல். முடிந்ததும் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் லேசாக நீவுவது. லேசிக் செய்தவர்கள் எப்போதிலிருந்து கண்மேல் கை வைக்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மடல் நகர்ந்தால் பெரிய தொல்லை.

சொட்டு மருந்திலும் அவர் நிறையக் கற்றுக்கொண்டார். பாட்டில் மருந்துகள் பலவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி போட்டால் கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போட வேண்டியவர்களுக்கு அந்த வேதிப்பொருள் இல்லாத வகைதான் நல்லது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் குப்பிகள் விலை கூடுதல். திறந்ததை மிச்சம் பிடிக்காமல் எறிய வேண்டும். எறிய மனம் வராதவர்கள் 2023ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளலாம். சென்னை அருகே ஒரு ஆலையில் தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய, மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்று அங்கே பரவியது தெரியவந்தது. சிலர் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அது ஆலையில் நடந்த கோளாறு என்றாலும், பாட்டில் முனை இமையில் படாமல் பார்த்துக்கொள்வது, சீல் சரிபார்ப்பது, திறந்த தேதியை லேபிளில் எழுதுவது ஆகியவை நம் கையில் இருப்பவை. இரண்டு மருந்து போட வேண்டுமானால் நடுவில் 5 நிமிடம் விட வேண்டும். எரிந்த பிறகு போடுவதைவிட, எரியும் வேலைக்கு உட்காரும் முன் போடுவது பலன் தருகிறது.

சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும் எழுதித் தந்தார்கள். போட்டதும் எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும். இதைச் சொல்லித் தராததால் நடுவிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மீன் எண்ணெய் மாத்திரைக்கு அவர் கொடுத்த காசு வேறு கதை. 2018இல் வெளியான ட்ரீம் ஆய்வில் ஓராண்டு முழுக்க ஒமேகா 3 சாப்பிட்டவர்களுக்கும், பொய்மாத்திரையாக ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. மாமியார் ஆசையாகக் கொண்டுவந்த நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு குளிர்ச்சி காண்பதில் குற்றமில்லை. அதன் சாற்றையோ விளக்கெண்ணெயையோ தாய்ப்பாலையோ அறுவை கண்ட கண்ணுக்குள் விடுவது தொற்றுக்குக் கதவு திறந்துவிடும் வேலை.

இத்தனைக்கும் பிறகும், கண்ணைப் பாதி கெடுத்தது அலுவலகம் என்பதுதான் அவர் அனுபவம். அவர் நாற்காலிக்கு நேர் மேலே ஏசியின் காற்றுவாய். அதன் துடுப்பைத் திருப்பி, இருக்கையை ஒரு தூணுக்கு அந்தப்பக்கம் நகர்த்தியதில் கிடைத்த நிம்மதி எந்த மருந்திலும் கிடைக்கவில்லை. மானிட்டருக்கு அடியில் அடுக்கியிருந்த பழைய ஃபைல்களை எடுத்துத் தாழ்த்தினார். பார்வை கீழ்நோக்கி இருந்தால் இமை பாதி மூடியிருக்கும், காயும் பரப்பு குறையும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் கண், திரையைப் பார்த்தால் ஐந்தாறு முறைக்கு இறங்கிவிடுகிறது. அதிலும் பாதி இமை முழுதாக மூடாத அரைகுறை இமைப்பு. ஒவ்வொரு மெயிலுக்கும் 'சென்ட்' அழுத்தியதும் கண்ணை முழுதாக மூடி, இரண்டு எண்ணி, திறப்பது என்று பழக்கிக்கொண்டார். அலாரம் வைத்து இமைக்கிறவர்கள் இரண்டாம் நாளே அலாரத்தை அணைத்துவிடுவார்கள், மெயில் நிற்காது.

தையல் ஹாலில் மிதக்கும் பஞ்சுத் தூசிக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஸ்கூட்டரில் முகத்தில் அறையும் ஆடிக் காற்றுக்கும் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி ஒன்று வாங்கினார். "என்னங் மேடம், வெல்டிங் போறீங்களா?" என்று செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். கண்ணாடியை ஒழிக்கப் பணம் கட்டியவர் மறுபடி கண்ணாடியோடு நிற்பதில் அவருக்கே சிரிப்புதான்.

மேலாளரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கட்டுப் போட்ட கைக்குக் கிடைக்கும் இரக்கம், வெளியே தெரியாத வறட்சிக்குக் கிடைக்காது. கண் எரியுதுங் சார் என்றால், "மருந்து போட்டுட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த முறை அவர் வியாதியைப் பற்றிப் பேசவில்லை; வேலையைப் பற்றிப் பேசினார். "சாயங்காலம் நான் பார்த்து ஓகே பண்ற ஷேட் தப்பாப் போக வாய்ப்பிருக்குங் சார். பையர் ரிஜெக்ட் பண்ணினா மொத்த லாட்டும் நம்ம தலைல." இது உடனே புரிந்தது. லேப் டிப் பார்ப்பது காலை நேரத்துக்கு வந்தது. சாயங்கால மெயில்களில் பாதி போன் அழைப்பாக மாறியது. நீளமான பதில்களை அவர் கைப்பேசியில் வாயால் சொல்லி எழுத்தாக்குகிறார். திருத்தம் மட்டும் கண்ணுக்கு. முழு விடுப்பு கேட்டிருந்தால் கிடைத்திருக்காது, தேவையும் இல்லை.

சளிக்கு எடுக்கும் செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் வறட்சியைக் கூட்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ராத்திரி தலைக்கு நேர் மேலே சுழன்ற மின்விசிறியும் சேர்ந்துகொண்டது. சிலருக்குத் தூங்கும்போது இமை முழுதாக மூடுவதில்லை, அவர்கள் காலையில்தான் அதிகம் அவதிப்படுவார்கள். சோதனையில் எல்லாம் சுமாராக இருந்தும் வலி மட்டும் தாங்கமுடியாமல் இருந்தால், அறுபட்ட நரம்பே வலியைக் கிளப்பலாம். அதற்கு வைத்தியம் வேறு. ஒரு கண் மட்டும் திடீரென்று சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், பார்வையும் குறைந்தால் வறட்சி என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது அவர் தம்பிக்கு லேசிக் ஆசை வந்திருக்கிறது. செய்யாதே என்று அவர் தடுக்கவில்லை. ஷிர்மரும் படலம் உடையும் நேரமும் முதலில் பார்க்கச் சொல், லென்ஸ் போடுவதை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேள், மடல் வெட்டாமல் சின்னத் துளை வழியாகச் செய்யும் ஸ்மைல் முறை உன் கண்ணுக்கு ஒத்துவருமா என்று விசாரி, ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத மாதமாகப் பார் என்று சொல்லி அனுப்பினார். தம்பிக்கும் படலம் சீக்கிரமே உடைகிறதாம். முதலில் இமைச் சுரப்பியைச் சரிபண்ணிவிட்டு அப்புறம் பேசலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியிலேயே அவன் புது ஃபிரேம் ஒன்று ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தான்.