மகிமையின் எடை

நம் மருத்துவமனைச் சிற்றாலயத்தின் மாலை மன்றாட்டில் ‘தேவனுக்கு மகிமை’ என்னும் சொல் அடிக்கடி எழுவதுண்டு. அறுவை நன்கு முடிந்தது, காய்ச்சல் தணிந்தது, பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது என்று ஒருவர் அறிவிக்க, மற்றவர்கள் இச்சொல்லால் மறுமொழி கூறுவர். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சிறுநீரகங்கள் இனி மீளா என்பதை அன்று காலையில் அறிந்த ஒருவரும் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர் தேவனை மகிமைப்படுத்துவது எவ்வாறு? சுகம் பெற்றோருக்கு மட்டுமே உரிய பேறா அது? இவ்வினாவை நோயாளர் பலர் வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கின்றனர். எனவே இம்மாதம் அச்சொல்லையே சற்று ஆராய்வோம்.

பழைய ஏற்பாட்டில் ‘மகிமை’ என்று நாம் வாசிக்கும் இடங்களில் மிகுதியாக வருவது ‘காபோத்’ என்னும் எபிரெயச் சொல். அதன் வேர்ப்பொருள் எடை, பாரம். தமிழில் ‘கனம்’ என்பது பாரத்தையும் மரியாதையையும் ஒருங்கே குறிப்பதைப் போன்றதே இது. பத்துக் கட்டளைகளில் தாய் தந்தையரைக் கனம்பண்ணச் சொல்லும் வினைச்சொல்லும் இதே வேரில் பிறந்தது. மருத்துவனாகிய எனக்கு இதில் தனியொரு சுவையும் உண்டு: எபிரெயத்தில் கல்லீரலின் பெயரும் இவ்வேரைச் சார்ந்ததே. வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உடலின் உள்ளுறுப்புகளில் அதுவே கனமானது. ஆகவே மகிமைப்படுத்துதல் என்பது தேவனிடம் இல்லாத ஒன்றை அவருக்குக் கூட்டுவதன்று. அவருக்குரிய எடையைக் குறைக்காமல் ஒப்புக்கொள்வதே அது. எடையைச் சொல்ல வேண்டுமாயின் தராசு பொய் சொல்லலாகாது.

இது வெறும் சொல்விளையாட்டன்று. யோசுவா 7ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எரிகோவில் எடுத்த சால்வையையும் வெள்ளியையும் பொன்னையும் தன் கூடாரத்தின் தரையில் புதைத்து வைத்த ஆகான் பிடிபடுகிறான். அப்போது யோசுவா, தேவனுக்கு மகிமை செலுத்தும்படி அவனிடம் சொல்கிறார் (7:19). அவர் அவனைப் பாடச் சொல்லவில்லை. செய்ததை ஒளிக்காமல் சொல்லும்படியே கேட்கிறார். உண்மையைக் கூறுமாறு ஒருவரை ஆணையிட்டுக் கேட்கும் வழக்காக இது இஸ்ரவேலில் நிலைத்திருந்தது. யோவான் 9:24இல் இதே வழக்கை மீண்டும் காண்கிறோம். பிறவியிலேயே பார்வையற்றிருந்து கண் திறக்கப்பட்ட மனிதரை இரண்டாம் முறை அழைத்துப் பரிசேயர் இவ்வாறே ஆணையிடுகின்றனர். ஆனால் அவர்கள் விரும்பியது உண்மையையன்று. தங்களுக்கு இசைவான விடையை.

அம்மனிதரின் மறுமொழியை நோயாளர் ஒவ்வொருவரும் நிதானமாக வாசிக்க வேண்டும். சுகமாக்கியவர் பாவியோ என்பதைத் தாம் அறியார் என்கிறார். தமக்கு நேர்ந்தது ஒன்றை மட்டும் உறுதியாக அறிவேன் என்கிறார். சேறு பூசினார், போய்க் கழுவினேன், பார்க்கிறேன்: இவ்வளவே அவர் கூறிய வரலாறு. அலங்காரம் எதுவும் இல்லை. அவருடைய பெற்றோரோ, ஜெப ஆலயத்திலிருந்து தள்ளப்படுவோம் என அஞ்சி, அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று விலகிக்கொள்கின்றனர். குடும்பத்தினர் அஞ்சி நிற்க, மகன் தனியே நின்று பேசுகிறார்.

சாட்சி கூறுதல் இந்த அளவில் நிற்குமாயின் எத்துணை நன்றாக இருக்கும்! குணமாகிவிட்டேன் என்று கூட்டமொன்றில் அறிவித்துவிட்டு, இன்சுலினை நிறுத்தி, சில நாட்களில் நினைவு தடுமாறிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டோரை நான் கண்டிருக்கிறேன். முதல் வகை நீரிழிவில் உடல் தானே இன்சுலினைச் சுரப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே தீங்காகும். காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணியும்; கிருமிகளோ உள்ளே எஞ்சியிருக்கும். வழக்கமான சிகிச்சை 6 மாதம் நீடிப்பது அதனால்தான். இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்பக்கூடும். வலிப்பு மாத்திரைகளைத் திடீரென விடுவதும் இவ்வாறே ஆபத்தானது.

மருந்தை விடுவதே விசுவாசம் என்போர் லூக்கா 17ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். குஷ்டரோகிகள் பத்துப் பேரிடம் இயேசு, போய் ஆசாரியர்களுக்குத் தங்களைக் காண்பிக்கச் சொன்னார். ஆசாரியரிடம் ஏன் செல்ல வேண்டும்? லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களின்படி தோலைப் பார்த்து, ஐயமிருப்பின் 7 நாள் ஒதுக்கி வைத்து, மீண்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறும் பொறுப்பு அவர்களுடையது. இக்காலத்து ஆய்வக அறிக்கைக்கு நிகரானது அது. குணமளித்தவரே சோதித்தறியும் முறைக்கு அவர்களை உட்படுத்தினார். வழியில் சுத்தமானதைக் கண்டு உரத்த சத்தமாய்த் தேவனை மகிமைப்படுத்தித் திரும்பி வந்தவர் ஒருவர், அவரும் சமாரியர்.

ஆலயத்திற்கு வெளியே, புறநோயாளர் பிரிவிலும் இது பொருந்தும். நாளை மருத்துவரைக் காண வேண்டும் என்று இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தள்ளி வருவோர் உண்டு. அன்றைய இரத்தச் சர்க்கரை அழகாக இருக்கும். ஹெச்பிஏ1சி பரிசோதனையோ கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கதையைச் சொல்லிவிடும்! விட்ட மாத்திரைகள், இடையில் உண்ட நாட்டு மருந்து, இன்னும் விடாத மது ஆகியவற்றை மறைக்காமல் கூறினால்தான் சரியான அளவில் மருந்து எழுத இயலும். இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளும் மருத்துவர் தம் பணியை உணராதவர்.

வழிபாட்டின் ஒழுங்கிலேயே இந்தப் பாடம் பொதிந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் பாவ அறிக்கைக்குப் பின்னரே ‘உன்னதங்களிலே’ கீதம் வருகிறது. ஆங்கிலிக்கன் மரபின் காலை ஜெபமும் பாவ அறிக்கையில் தொடங்கியே துதிக்குச் செல்கிறது. அறிக்கையில் பாவம் மட்டுமன்று, துயரமும் இடம்பெறலாம். சங்கீதப் புத்தகத்திற்கு எபிரெயர் இட்ட பெயரின் பொருள் ‘துதிகள்’. அத்தொகுப்பில் 88ஆம் சங்கீதமும் உள்ளது. நோயுற்று, நண்பர்களால் கைவிடப்பட்டவரின் அழுகை அது. ஏனைய புலம்பல்களைப் போல இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அதனைத் துதிகளின் நூலிலிருந்து எவரும் நீக்கவில்லை. பாட இயலாத இரவில், ஆண்டவரே, என்னால் முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் அதுவும் அவரை நோக்கிச் சொன்னதே. அவரைப் பொருட்படுத்தாதவர் அவரிடம் முறையிடுவதில்லை.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து காலில் பலத்த காயமுற்றார். அப்போது அவருக்கு வயது 63. அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். நோயாளருக்கென நலமுள்ளோர் எழுதிய ஆறுதல் நூல்கள் தம் உள்ளத்தைத் தொடவில்லை என்று உணர்ந்து, நோயாளி ஒருவர் நோயாளருக்கு எழுதியதாக 1933இல் ஒரு நூலை வெளியிட்டார். வலியை வலி என்றே ஒப்புக்கொண்டு எழுதியமையால்தான் அந்நூல் படுக்கையில் இருந்தோரைச் சென்றடைந்தது என்பது என் கருத்து.

மிகக் கடினமான இடம் குடும்பம். புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொள்ளும் மகன்களின் அன்பை நான் ஐயுறுவதில்லை. ஆயினும் உள்ளே செல்லும்போது தந்தை பெரும்பாலும் அறிந்தே இருப்பார். மகன் தாங்கமாட்டான் என்று அவர் மறைத்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே தேவனிடம் தனித்தனியே அழுகின்றனர். நான் எதையும் திணிப்பதில்லை. உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று நோயாளரையே கேட்கிறேன். அவர் விரும்பும் அளவுக்கு, மகனையும் அருகில் அமர்த்திக்கொண்டு பேசுகிறோம். அதன்பின் அவ்விருவரும் சேர்ந்து ஜெபிக்க முடிகிறது.

உண்பதும் குடிப்பதும் தேவ மகிமைக்கென்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (முதல் நிருபம் 10:31). கஞ்சியை ஆற்றி ஊட்டுவதும், படுக்கையை மாற்றுவதும், புண்ணைத் துடைப்பதும் அப்பட்டியலில் அடங்கும். இவற்றைச் செய்யும் உடனிருப்போரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நலமா என்று செவிலியர் வினவும்போது, மூன்று இரவு உறங்காத கண்களோடு, நலம், ஸ்தோத்திரம் என்று மட்டும் கூறி நின்றுவிடாதீர்கள். உறங்கவில்லை, என் இரத்த அழுத்த மாத்திரையும் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். மாற்று ஆள் வரும்வரை உங்கள் நோயாளரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சற்று உறங்கி வாருங்கள்.