மாசும் மக்களும்

சிவகாசியை அடுத்துள்ள நாரணாபுரம் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்த ஊர். மழை குறைந்து வெயில் மிகுந்த அவ்வட்டாரத்தில் உழவை மட்டும் நம்பி வாழ்தல் அரிது. ஆயினும் உழவருக்குப் பகையான வெயிலே வேறொரு தொழிலுக்கு நட்பாயிற்று. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீக்குச்சி உலர வறண்ட காற்று வேண்டும். வெடிமருந்து உலரவும் அதுவே வேண்டும். ஆதலின் தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் அங்கு வேரூன்றியது. இன்று அப்பக்கம் செல்வோர், பொட்டல் வெளியில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் சிறு சிறு அறைகளைக் காண்பர். ஓர் அறையில் தீப்பற்றினால் மற்றோர் அறைக்குப் பரவாதிருத்தற்பொருட்டே அவ்வாறு இடைவெளி விட்டுக் கட்டுகின்றனர்.

மாலையில் அவ்வறைகளிலிருந்து வீடு திரும்புவோரை நோக்குங்கள். மருந்து கலப்போரின் கையும் முகமும் அலுமினியத் தூள் படிந்து வெள்ளிபோல் மின்னும். அத்தூளோடு கந்தகமும் வெடியுப்பும் ஆடையில் ஒட்டியிருக்கும். தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருப்பினும் அதன் தூள் இவ்வாறு ஊருக்குள் வந்துவிடுகிறது. வாயிலுக்கு ஓடிவந்து தாயைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கும் அத்தூளில் பங்கு உண்டு. தீபாவளி நாளில் பெருநகரங்களின் காற்றை அளந்து வெளியிடுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரின் வழக்கம். அது பட்டாசு கொளுத்துவோர் தெருவின் கணக்கு. பட்டாசு செய்வோர் வீட்டுத் திண்ணையின் கணக்கு அதனுள் அடங்குவதில்லை.

காற்றின் மாசை அளக்கும் முறை எளியதே. ஒரு வடிதாளை முதலில் எடையிட்டுக்கொள்வர். பின்னர் அதன் வழியே ஒரு நாள் முழுவதும் காற்றை இழுத்து, மீண்டும் எடையிடுவர். கூடிய எடையே காற்றில் மிதந்த தூசின் எடையாகும். இரண்டரை மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசு நுரையீரலின் உள்ளறைகள்வரை செல்ல வல்லது. இத்தகைய தூசு, ஒரு நாள் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2009-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வரையறுக்கப்பட்டது. கருவி காற்றில் உள்ளதைக் கூறும். அக்காற்றை உட்கொள்பவர் யார் என்பதை அது எங்ஙனம் கூறும்?

1952-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரைக் கரிப்புகை கலந்த மூடுபனி ஐந்து நாள் சூழ்ந்தது. மடிந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என அந்நாளில் கணக்கிட்டனர். அத்தொகை இன்னும் மிகுதி என்பர் பிற்கால ஆராய்ச்சியாளர். செல்வருக்கும் வறியவருக்கும் மேலே கவிந்த புகை ஒன்றே. எனினும் முதியோரும், கைக்குழந்தைகளும், முன்னரே மார்புநோயால் வருந்தியோருமே மிகுதியாக இறந்தனர். ஆகவே, ஒரு தெருவுக்கு நேரக்கூடிய தீங்கை அறிய வேண்டின் இரண்டை அளத்தல் வேண்டும். ஒன்று மாசின் சுமை. மற்றொன்று அதைத் தாங்கும் மக்களின் நலிவு.

இவ்விரண்டையும் இணைத்து அளக்கும் முறை ஒன்றை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாநிலம் முழுவதையும் சிறு சிறு வட்டாரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மாசின் சுமைக்குப் பத்து வரையும், மக்களின் நலிவுக்குப் பத்து வரையும் மதிப்பெண் இட்டனர். இரைப்பு நோய், வறுமை, வேலையின்மை, கல்வியின்மை ஆகியவை நலிவில் அடங்கும். பின்னர் இரு மதிப்பெண்களையும் பெருக்கினர். கூட்டாது பெருக்கியதேன் என்று நீங்கள் வினவலாம். ஒரு தெருவில் மாசு 8, நலிவு 3 எனக் கொள்வோம். மற்றொன்றில் மாசு 6, நலிவு 9 எனக் கொள்வோம். முதல் தெருவில் மாசு மிகுதி. ஆயினும் பெருக்கிப் பார்த்தால் முதலாவது 24, இரண்டாவது 54. நலிவு ஒவ்வொரு துளி மாசையும் பன்மடங்காக்குகிறது என்பதே அப்பெருக்கலின் பொருள். இது வெறும் ஏட்டுக் கணக்காக நின்றுவிடவில்லை. தொழிற்சாலைப் புகைக்கென அம்மாநிலம் ஈட்டும் நிதியில் நான்கில் ஒரு பங்கு, மிக நலிந்த வட்டாரங்களுக்குப் பயன்படல் வேண்டும் என 2012-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வட்டாரங்கள் எவை என்பதை இம்மதிப்பெண்களைக் கொண்டே வகுத்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடைபெறாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டில் 88 தொழில் வட்டாரங்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 70-க்கு மேல் பெற்ற 43 வட்டாரங்களை மிகக் கடுமையாக மாசுற்றவை என அறிவித்தது. சென்னையின் வடபால் உள்ள மணலி அன்று பெற்றது 76.32. மாசுப்பொருளையும் அது பரவும் வழியையும் மட்டுமன்றி, அதற்கு ஆளாகும் மக்களையும் அவ்வளவையில் சேர்த்திருந்தனர். நல்ல தொடக்கமே. ஆனால் மணலி முழுவதற்கும் ஓர் எண். எந்தத் தெருவுக்கு மருத்துவர் முதலில் செல்ல வேண்டும் என்பதை அவ்வெண் காட்டாது.

நாரணாபுரத்திற்கு மீள்வோம். வாணத்திற்குப் பச்சை நிறம் தருவது பேரியம் நைட்ரேட்டு என்னும் உப்பு. பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்த்தலாகாது என்று 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021-ஆம் ஆண்டில் அதனை மீண்டும் வலியுறுத்தியது. காற்றைக் காக்க எழுந்த தீர்ப்பு அது. அதனைத் தொடர்ந்து சிவகாசி வட்டாரத் தொழிற்சாலைகள் பல, மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தூள் குறைந்தது, கூலியும் நின்றது. கூலி நின்ற வீட்டில் முதலில் குறைவன பாலும் மருந்தும் அல்லவா? மாசின் மதிப்பெண் இறங்கிய அதே திங்களில் நலிவின் மதிப்பெண் ஏறியிருக்கும். காற்றை மட்டும் அளந்தவர் ஊர் நலம் பெற்றது என்று எழுதிவைப்பர்.

தெருவை அளக்க விலையுயர்ந்த கருவிகள் எல்லாவற்றிற்கும் வேண்டுவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், இருமலால் வருந்தும் முதியோர் எத்தனை பேர், எத்தனை வீட்டில் ஒருவர் கூலியையே அனைவரும் நம்பியுள்ளனர், மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பனவற்றை ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டே அறியலாம். நாரணாபுரம் போன்ற ஊரில் இவற்றிற்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. வேலை முடிந்து வருபவர் குழந்தையைத் தூக்குமுன் குளித்து உடை மாற்ற, அவ்வீட்டு வாயிலில் தண்ணீர் இருக்கிறதா?