உப்பளத்துக்காரருக்கும் அயோடின் குறையுமா?

கேள்வி: எங்கள் வீட்டார் தலைமுறையாக மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவர்கள். எனக்கு வயது 44. ஒரு வருஷமாக மாதவிலக்கு முறை தவறுகிறது, ஓயாத அசதி, திடீர் திடீரென்று உடம்பு காந்துகிறது. 'ஹார்மோன் மாறியிருக்கிறது, தைராய்டு பார்க்க வேண்டும்' என்கிறார் டாக்டர். ஹார்மோன் ஏன் மாறுகிறது? அளத்து உப்பையே உண்ணும் எங்களுக்கும் அயோடின் குறையுமா?
– ஒரு வாசகி, அனுமந்தை

பதில்: வெயிலும் உணவும் உழைப்பும் உறக்கமும் நாழிகைக்கு நாழிகை மாறிக்கொண்டிருக்க, இரத்தத்திலுள்ள நீரும் உப்பும் சர்க்கரையும் மட்டும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க வேண்டுமானால், அவற்றைக் காத்து நிற்கும் ஹார்மோன்கள் கூடியும் குறைந்தும்தான் ஆக வேண்டும். சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருபவர் வியர்த்துச் சோரும்போது, பிட்யூட்டரி சுரப்பி விடுக்கும் வாசோப்ரெஸ்ஸின் என்னும் ஹார்மோன் சிறுநீரகத்தில் நீரைத் தேக்குகிறது. அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டெரோன் உப்பை மீட்கிறது. ஓரிரு வாரம் வெயிலில் பழகியவரின் வியர்வையில் உப்பு குறைந்துவிடுவதும் பெரும்பாலும் இதன் காரியமே. இவ்வகை மாறுதல் நோயன்று, ஆரோக்கியத்தின் லட்சணம்.

இரண்டாவது வகை, வயதினால் வருவது. பெண்ணின் கருமுட்டைகள் பிறவியிலேயே ஓர் அளவோடு அமைந்தவை. அவை குறையக் குறைய ஈஸ்ட்ரோஜென் ஏறி இறங்கிப் பின் தணிகிறது. அதைத் தூண்டி எழுப்ப வேண்டி பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.ஹெச். உயர்கிறது. மாதவிலக்குத் தவறுவதும் உடம்பு காந்துவதும் இந்தப் பருவத்தில் சகஜமானவை.

மூன்றாவதாக, சுரப்பியே தளர்ந்துபோவதும், அதற்கு வேண்டிய மூலப்பொருள் கிட்டாமற்போவதும் உண்டு. இதுதான் சிகிச்சைக்கு உரியது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸினின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அயோடின். அது குறைந்தால் தைராக்ஸின் குறையும், பிட்யூட்டரியின் டி.எஸ்.ஹெச். ஏறும், கழுத்தில் சுரப்பி வீங்கவும் கூடும். இமயத்தின் அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், அயோடின் கலந்த உப்பு வழங்கிய பகுதிகளில் கழுத்துக்கழலை கணிசமாகக் குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டமும் பிறந்தது.

மலைநாட்டுக்குத்தானே அந்தக் குறை, கடலோரத்தில் உப்பு விளைவிக்கும் நமக்கென்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கடல்நீர் ஒரு லிட்டரில் அயோடின் ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு அளவே; பாத்தியில் உப்பு படிகமாகும்போது அதிலும் பெரும்பங்கு எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஆகையால் வாரி எடுத்த கல்லுப்பை மட்டும் நம்பியிருந்தால், நாளொன்றுக்கு வேண்டிய 150 மைக்ரோகிராம் கிடைக்காது. ஆலையில் பொட்டாசியம் அயோடேட் கலப்பதும், 2006 மே 17 முதல் உணவுக்கென அயோடின் சேராத உப்பை விற்கத் தடையிருப்பதும் இதனால்தான். கடல்மீன் தாராளமாக உண்பவருக்கு அதிலிருந்தும் ஓரளவு சேரும்.

எனினும் தங்கள் அசதிக்கு அயோடின் குறைவே காரணம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். நடுவயதுப் பெண்களிடம், உடலின் தற்காப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கி அதைத் தளரச் செய்வதும் அதிகம் காணப்படுவது. அதற்கு அயோடின் மருந்தாகாது, மிகையானால் கேடாகவும் முடியலாம். அசதியும் மாதவிலக்குக் கோளாறும் வயதின் மாறுதலுக்கும் தைராய்டுக் குறைவுக்கும் பொதுவானவை. வெறும் குறியைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது, இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தாமாக மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டாம். சமையலுக்கு அயோடின் உப்பை வாங்கி, மூடி போட்ட பாத்திரத்தில் ஈரம் படாமல் வைத்து, இறக்கும் தறுவாயில் சேருங்கள். அளத்து உப்பு கருவாட்டுக்கு இருக்கட்டும்.