குஞ்சு முடமாவது எதனால்?



“கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. தாய் கண்டிப்பதால் பிள்ளைக்குக் கேடு வராது என்பதற்காகச் சொல்லும் பழமொழி அது. ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளில் ஒன்றிரண்டு நிற்கவும் முடியாமல் கிடப்பதை, கடத்தூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். தாய் மிதிக்கவில்லை என்றால் அதை முடமாக்கியது எது? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே, “அது பிழைக்காது, எறிந்துவிடு” என்று சொல்லிவிடுகிறோம். அவ்வாறு எறியப்படும் குஞ்சுகளுள் பல, மூன்று நான்கு நாள் கவனித்தால் மற்றவற்றோடு ஓடக்கூடியவை.

முதலில் கோழியின் காலைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வோம். பின்பக்கமாக மடங்கும் மூட்டை நாம் முழங்கால் என்று எண்ணுகிறோம். அது கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. கோழி விரல்களை மட்டும் ஊன்றி நடக்கும் உயிர். நமக்குப் பாதம் இருக்கும் இடத்தில் அதற்குச் செதில் மூடிய நீண்ட தண்டு இருக்கிறது. அடுத்த முறை வீட்டில் கோழிக்குழம்பு வைக்கும்போது சாப்பிடும் அவசரத்தில் இதை மறந்துவிடாதீர்கள்!

அடைகாக்கும் காலம் 21 நாள் என்பது நாம் அறிந்ததே. ஓட்டை உடைத்து வெளிவந்த குஞ்சு களைத்துப் போய், ஈரம் உலரும் வரை சில மணி நேரம் துவண்டு கிடக்கும். அதைக் கண்டு ஊனம் என்று முடிவு கட்டக் கூடாது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்கு மேலும் அதற்கு உணவாக இருக்கிறது. எனவே உடனே தீனி திணிக்கவும் வேண்டாம். ஒரு நாள் கழிந்தும் எழவில்லையென்றால்தான் காலைப் பார்க்க வேண்டும்.

மிகுதியாகக் காணப்படுவது இரு கால்களும் பக்கவாட்டில் அகன்றுபோவது. குஞ்சு தவளையை அமுக்கி வைத்தாற்போல வயிறு தரையில் பட நீந்திக்கொண்டிருக்கும். இதற்கு முதற்காரணம் வழுக்கும் தரை. அட்டைப் பெட்டியில் செய்தித்தாளை விரித்துக் குஞ்சுகளை விடுகிறோம் அல்லவா? பிறந்த குஞ்சின் தசைக்கு வலு குறைவு. தாளில் கால் சறுக்கச் சறுக்க, தொடைக்கட்டு தளர்ந்து, கால் அகன்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது. மண் தரையில் தாயோடு திரியும் குஞ்சுக்கு இது அரிதாகவே வரும். நம் பாட்டிமார் மணலும் வைக்கோலும் போட்ட கூடையில் அடை வைத்ததன் அருமை இங்கே விளங்கும். (அக்கூடையில் கரித்துண்டும் இரும்புத்துண்டும் வைத்தால் இடி முழக்கத்திலிருந்து முட்டை தப்பும் என்றார்களே, அதை நான் ஆதரிக்கவில்லை.)

இரண்டாவது காரணம் சூடு. இப்போது சில வீடுகளில் தெர்மோகோல் பெட்டியில் மின்விளக்கு வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். விசிறி வைத்த கருவிக்குள் வெப்பம் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். அது மின்தடையால் இறங்கியும், கவனக்குறைவால் ஏறியும் போனால் கருவின் வளர்ச்சி கெடும். கடைசி மூன்று நாட்களில் ஈரப்பதம் தவறினாலும் குஞ்சு ஓட்டை விட்டு வெளிவரத் திணறும், காலும் பழுதாகும். அடைகோழிக்கு வெப்பமானி தேவையில்லை. முட்டைகளைத் தானே புரட்டித் தானே அளவறிந்து காக்கிறது.

இதற்குச் சிகிச்சை எளிது, ஆனால் உடனே செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் எலும்பும் மூட்டும் வளைந்து கொடுக்கும். வாரம் கடந்தால் இறுகிவிடும். மென்மையான பிளாஸ்திரியிலிருந்து ஒரு மெல்லிய பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் குஞ்சைத் துணியில் பொதிந்து மல்லாக்காகப் பிடிக்கட்டும். மற்றவர் கணுக்காலுக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள தண்டில், ஒரு காலைச் சுற்றி, இடைவெளி விட்டு, மறு காலையும் சுற்றி ஒட்ட வேண்டும். விலங்கு மாட்டியது போலிருக்கும். இடைவெளி ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். குஞ்சு இயல்பாக நின்றால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. பிளாஸ்திரி இல்லையேல் கம்பளி நூல் போதும். தையல் நூல் கூடாது, அது தோலை அறுக்கும். கட்டு இறுகக் கூடாது. காலையும் மாலையும் பார்த்து, விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துத் தளர்த்த வேண்டும்.

கட்டியபின் அதைத் தாளின் மேல் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். பழைய சாக்கை விரித்து விடுங்கள். முதல் வாரம் 35 பாகை செல்சியஸ் அளவு வெதுவெதுப்பு வேண்டும். தண்ணீரில் அலகைத் தொட்டுக் காட்டிக் குடிக்கப் பழக்குங்கள். சிறிது வெல்லம் கரைத்துக் கொடுத்தால் தெம்பு வரும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், விழுந்தால் எழ முடியாத குஞ்சு அல்லவா? மற்றக் குஞ்சுகள் கொத்தும் என்பதால் தனியே வைக்க வேண்டும். ஆனால் முழுத் தனிமையில் அது ஓயாமல் கத்தும். சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு விடலாம். ஒரு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். நிற்காவிட்டால் மீண்டும் கட்டுங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் கட்டு தேவைப்படாது.

விரல்கள் மட்டும் மடங்கியிருந்தால் வேறு முறை. தடித்த அட்டையைப் பாத வடிவில் வெட்டி, முன் விரல் மூன்றையும் பின் விரலையும் நேராக விரித்து அதன்மேல் ஒட்ட வேண்டும். பொரித்த முதல் நாளிலேயே போட்டால் ஓரிரு நாளில் விரல் நேராகிவிடும். ஆனால் பத்துப் பதினைந்து நாள் குஞ்சுகள் பல ஒன்றாக விரல் சுருண்டு, கணுக்காலால் நடந்தால் அது அட்டைக்கு அடங்காது. அங்கே குறைபாடு தீனியில் இருக்கிறது: ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 வைட்டமின் போதவில்லை. தாய்க்கோழியின் தீனியில் அது குறைந்தால் முட்டையிலும் குறையும். மோரும் முருங்கைக்கீரையும் இதற்கு உதவும். மருந்துச் சொட்டுகளைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் கொடுக்க வேண்டும்.

தீனியைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவாத் தீவில், இன்று ஜகார்த்தா எனப்படும் நகரில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழத் தொடங்கின. பின்னர் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடையில் அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளரிசிச் சோறு போடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்ததும் தெரியவந்தன. தவிட்டோடு கூடிய அரிசி கோழிகளைக் காத்தது. தவிட்டில் இருந்த அப்பொருளே பி1 வைட்டமின். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் என்ற பெரிய கதவைத் திறந்தது கோழியின் கால்!

நம் வீடுகளில் குஞ்சுக்கு வெள்ளை நொய்யை மட்டும் போடுகிறோம். ஜாவாவின் கோழிகளுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு, கேழ்வரகும் கம்பும் தவிடும் கலந்து போடுங்கள். இவை நம் தர்மபுரி மாவட்டத்து மண்ணில் விளைபவையே. சாணமும் கிழிந்த சாக்கும் திணித்த பானையைப் புற்றருகே மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் கிடைப்பது அரிது. வெயிலும் வேண்டும். வெயில் படாத குஞ்சுக்கு டி வைட்டமின் குறைந்து எலும்பு வளையும்.

எல்லாக் காலும் சரியாகும் என்று சொல்லமாட்டேன். கணுக்காலின் பின்புறப் பள்ளத்தில் ஓடும் தசைநாண் விலகிவிட்டால் மூட்டு வீங்கி, கால் பக்கவாட்டில் திருகிக்கொள்ளும். தீனியில் மாங்கனீசு உப்பு குறைவதும் இதற்குக் காரணம் என்பதை 1936-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். சுண்ணாம்புச் சத்து மிகுந்துவிட்டாலும் மாங்கனீசு உடலில் சேராது. ஆகவே முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். விலகிய அன்றே மருத்துவர் நாணைத் தள்ளிப் பொருத்தினால் சில பிழைக்கும். நாள் கடந்தால் நம்பிக்கை குறைவு. வலியால் உண்ணாமல் வாடும் குஞ்சை என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேளுங்கள். வாரங்கள் பல கடந்த கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்தால் அது மாரெக் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, பொரிப்பகங்களில் முதல் நாளிலேயே தடுப்பூசி போடுகிறார்கள்.

தேறிய குஞ்சைப் பகலில் தாயிடம் விட்டால் அது அயலாரென்று கொத்தக்கூடும். இருட்டிய பின், மற்றவை உறங்கும்போது, மெல்ல இறக்கைக்கடியில் செருகிவிடுங்கள்.