ஐந்து கணிப்பொறிகள், ஒரே பேச்சு

நம் பிள்ளைகள் பலர் பெரிய நிறுவனங்களில் 'சிஸ்டம் இன்டக்ரேஷன்' வேலை பார்க்கிறார்கள். அது என்ன வேலை? ரயிலை வைத்தே பார்ப்போம்.

1985-ல் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. அடுத்தடுத்து பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத்திலும் வந்தது. ஆனால் சென்னை வண்டியில் இடம் இருக்கிறதா என்பது டில்லி இயந்திரத்துக்குத் தெரியாது. ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவர், திரும்புவதற்கு என்ன வழி என்று கையைப் பிசைந்தார்.

சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். கம்பி இழுப்பது சுலபம். இரு ஸ்டேஷன்களின் பிளாக் கருவிகளும் ஒரே குறிக்கு ஒரே பொருள் கொண்டால்தான் வண்டி நகரும். ரயில்வேயின் 'கிரிஸ்' அமைப்பும் 'கன்செர்ட்' என்ற ஒரே மென்பொருளை எல்லா மையங்களிலும் நிறுவி, 1999 ஏப்ரலில் ஐந்தையும் இணைத்து முடித்தது. கணக்கை ஓரிடத்தில் குவிக்கவில்லை. அந்தந்த மையத்தின் வண்டிக் கணக்கு அங்கேயே இருந்தது. கேள்வி மட்டும் உரிய மையத்துக்குப் போய்ப் பதிலோடு திரும்பியது.

ஒரு நிறுவனத்தின் அமைப்பை முழுதாக வரைந்து பார்க்க, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் ஜாக்மன் 1987-ல் ஒரு சட்டகம் வெளியிட்டார். 1992-ல் விரிவடைந்த அதில் ஆறு கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். இவற்றுக்கு எல்லாப் பிரிவுகளும் ஒத்த விடை சொல்லட்டும். கம்பியைப் பிறகு இழுக்கலாம்.