முதுமலை வழியாக ஊட்டிக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லீவு விட்டாயிற்று. பாட்டி முதல் பேத்தி வரை ஒரே வண்டியில் ஏறி, மைசூர், பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்குப் போகிறீர்கள். கிளம்பும்போதே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் சில வெறும் பேச்சு. சில உயிருக்கு உலை வைப்பவை.

“இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்.”

முதலில் ஒழிய வேண்டியது இதுதான். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்குப் போகும் எரிபொருள் அநேகமாக நின்றுவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். ஆக, மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. நியூட்ரலில் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடேறும், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும், மிதித்த பெடல் அடிவரை இறங்கினாலும் வண்டி நிற்காது. சாவியையே அணைத்துவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுக்குப் பவர் ஸ்டியரிங்கும் கைகொடுக்காது. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய பாடம். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

“ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் சீக்கிரம் வந்துவிடலாம். மேப்பே காட்டுகிறதே!”

மேப் தூரத்தைத்தான் காட்டும், சரிவைக் காட்டாது. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்துப் பாதையில் விபத்துகள் பெருகியதால், வெளியூர் வண்டிகள் மசினகுடிக்கு இறங்கத் தடை இருக்கிறது. கூடலூர் வழியாக இறங்குங்கள்.

“இறங்குகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும்.”

தலைகீழ். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இது சாலை விதி, தாட்சண்யமல்ல.

“ஹாரன் அடித்தால் யானை ஒதுங்கிவிடும்.”

யானைக்குப் பார்வை அவ்வளவு கூர்மையில்லை. செவியும் மோப்பமும் அபாரம். கூட்டத்தில் குட்டி இருந்தால் ஹாரன் சத்தம் அதற்குச் சண்டைக்கு அழைப்புதான். தூரத்திலேயே நிறுத்துங்கள். பின்னால் எடுக்க இடம் விடுங்கள். கீழே இறங்காதீர்கள், செல்ஃபியும் வேண்டாம். சாலையை அதுவாகக் கடந்து போகும். அதுவரை காத்திருப்பதும் பயணத்தில் சேர்ந்ததுதான்.

குரங்குக்கு பிஸ்கட் போடுவது புண்ணியம் என்பவர்களுக்கு ஒரு வரி: அபராதம் கட்ட நேரும்.

“பச்சையாக இருந்தால்தான் நல்ல காடு.”

ஏப்ரலில் முதுமலையின் கிழக்குப் பக்கம் பழுப்பாக, மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்து ‘காடு அழிந்துவிட்டதே’ என்று வருந்துபவர்கள் உண்டு. அது இலையுதிர் காடு. மழைமறைவுப் பகுதியும்கூட. கோடையில் இலையை உதிர்த்துத் தண்ணீரைச் சேமிக்கிறது. முதல் மழை விழட்டும், நிறம் மாறிவிடும்.

உண்மையில் வருந்த வேண்டியது, சாலையோரம் வண்ண வண்ணமாகப் பூத்து நிற்கும் உண்ணிச்செடியைப் பார்த்து. அழகுக்காக அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. மானும் யானையும் அதை விரும்பித் தின்பதில்லை. அவை தின்னும் புல்லை அது வளரவிடுவதுமில்லை. கூடலூர் வட்டாரப் பழங்குடியினர் அந்தக் குச்சிகளை வளைத்து அசல் யானை அளவிலேயே யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். அந்தச் செடியால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்பேன்.

“ராத்திரி கிளம்பினால் நெரிசல் இருக்காது.”

நெரிசல் மட்டுமல்ல, வழியே இருக்காது. வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க, பந்திப்பூர் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடப்படுகிறது. முதுமலைப் பக்கமும் அதே நேரக் கட்டுப்பாடுதான். மைசூரிலிருந்து வருபவர்கள் பொழுதோடு குண்டல்பேட்டையைத் தாண்டிவிடுங்கள். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். சோதனைச்சாவடியில் நின்று சிக்னல் தேடாமல், வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.