லோடு வண்டி வாங்கப் போறீங்களா? முதலில் சுமையை எடை போடுங்க!



காய்கறி, பால், தீவனம், செங்கல், பாக்குமட்டைத் தட்டு என்று பல தொழில்கள் செய்யும் குழுக்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. "வாடகைக்கே பாதி லாபம் போகுது, நாமளே ஒரு வண்டி வாங்கிடலாமே!" நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் பேச்சு "எந்தக் கம்பெனி வண்டி?" என்றுதான் தொடங்குகிறது. அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, "நம்ம சுமை எவ்வளவு?" என்பதுதான். இந்த மாதப் பாடத்தில் இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: சுமையைக் கணக்கிடுவோம்

ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. 200 லிட்டர் தண்ணீர் டிரம் 200 கிலோவுக்கு மேல். செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ என்றால் 500 கல்லே ஒன்றரை டன் ஆகிவிடும். பாக்குமட்டைத் தட்டும் தென்னை நாரும் அப்படியல்ல. எடை குறைவு, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். எடை அதிகமுள்ள சரக்குக்குத் தாங்கும் சக்தி முக்கியம். இடம் அடைக்கும் சரக்குக்கு நீளமான தொட்டி முக்கியம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு மாதம் ஒவ்வொரு நடைக்கும் என்ன ஏற்றினோம், எத்தனை கிலோ, எத்தனை கிலோமீட்டர், என்ன வாடகை கொடுத்தோம் என்று நோட்டில் எழுதுங்க. அந்த நோட்டுதான் நமக்கு வழிகாட்டி.

படி 2: வண்டி எவ்வளவு தாங்கும்?

"அக்கா, ரெண்டு டன் அசால்ட்டா ஏத்தலாம்" என்று விற்பவர் சொல்வார். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க. அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று சுமையோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை. இன்னொன்று காலி வண்டியின் எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை தெரியும். உதாரணத்துக்கு, மொத்த எடை 2,750 கிலோ, காலி எடை 1,400 கிலோ என்றால் மீதி 1,350 கிலோ. இதில் டிரைவரும் கூட வருபவரும் சேர்த்திதான். ஆக சரக்குக்கு சுமார் 1,220 கிலோதான்.

2005ல் வந்த டாடா ஏஸை நம்ம ஊரில் 'குட்டி யானை' என்போம். அது சுமார் முக்கால் டன் வகை. 2011ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வகை. மஹிந்திரா பொலிரோ பிக்அப்பில் சுமார் 1.2 டன் முதல் 2 டன் வரை பல மாடல்கள் உண்டு. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் ஆர்.சி. எண்ணே இறுதி.

அளவுக்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும், ஸ்பிரிங் பட்டை உடையும். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். ஒரே நாளில் பல மாத லாபம் போய்விடும்.

படி 3: எந்த ரோடு? இழுவை வேலை உண்டா?

மலைப்பாதை, மண் ரோடு என்றால் இழுவைச் சக்தி கூடுதலாகவும், அடிப்பாகம் உயரமாகவும் உள்ள வண்டி பாருங்க. தார் ரோட்டில் பக்கத்துச் சந்தைக்கு மட்டும் போவதென்றால் சின்ன வண்டியே போதும், எண்ணெய்ச் செலவும் மிச்சம்.

சில குழுக்கள் கலவை மெஷினையோ ஜெனரேட்டரையோ பின்னால் மாட்டி இழுக்க நினைக்கிறார்கள். வண்டிக் கம்பெனி இழுவைக்கு அனுமதித்திருக்கிறதா, எத்தனை கிலோ வரை என்று கையேட்டில் பார்க்க வேண்டும். பம்பரில் கொக்கியை வெல்டிங் வைத்து இழுப்பது ஆபத்து. கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் வண்டியின் சுமையில் சேரும். இறக்கத்தில் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும். எப்போதாவதுதான் இழுவை வேலை என்றால் டிராக்டரை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

படி 4: மாதக் கணக்கு

இங்கே வரும் தொகைகள் உதாரணம் மட்டுமே. உங்க ஊர்த் தொகையைப் போட்டுப் பாருங்க.

தவணை: 17,000
டிரைவர் சம்பளம்: 15,000
இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி.க்கு ஒதுக்கீடு: 4,000
சர்வீஸ், டயருக்கு ஒதுக்கீடு: 4,000
மொத்தம்: 40,000 ரூபாய்

டீசல் போக ஒரு நடைக்கு 1,000 ரூபாய் நின்றால், மாதம் 40 நடை ஓட வேண்டும். நம்ம சரக்குக்கு 15 நடைதான் என்றால் மீதி 25 நடை வெளி வாடகை கிடைக்குமா? மழைக்காலத்தில் சரக்கு வராது, தவணை மட்டும் தவறாமல் வரும்.

வட்டியையும் கேளுங்க. 8 லட்சம் கடன், 10 சதவீதம், 5 வருடம். நிலையான வட்டி என்றால் வட்டி மட்டும் 4 லட்சம். குறையும் வட்டி என்றால் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். சதவீதம் ஒன்றுதான், வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரம்!

படி 5: காகிதங்கள், பொறுப்பு

• மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்டால் சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டும்.
• எஃப்.சி. முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம்.
• 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.
• பழைய வண்டி என்றால் சேசிஸ் எண், பாக்கிக் கடன், வரி, அபராதம் எல்லாம் சரிபார்த்த பிறகே முன்பணம். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்க.
• ஆர்.சி. யார் பெயரில்? ஒரு உறுப்பினர் பெயரில் இருந்தால் வண்டியில் எல்லோருக்கும் உள்ள பங்கையும் பொறுப்பையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்க.

முக்கியமாக ஒன்று. வேலைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களைப் பின்னால் ஏற்றாதீங்க. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவர்களுக்கு நஷ்டஈடு தர இன்சூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று 2002ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விபத்து நடந்தால் உயிரும் போகும், நஷ்டஈட்டுச் சுமையும் வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். அந்தச் சொந்தக்காரர் நம்ம குழுப் பெண்தான். "பக்கத்து ஊர்தானே, ஏத்திக்கோங்க" என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. போன மாதம் நாம் கொடுத்த வாடகை மொத்தம் எவ்வளவு?
2. நம்ம அதிகபட்சச் சுமை எத்தனை கிலோ? வாரத்தில் எத்தனை நாள்?
3. வண்டி மூன்று மாதம் சும்மா நின்றால் தவணை எங்கிருந்து வரும்?
4. பக்கத்துக் குழுவோடு சேர்ந்து வாங்கினால் நடை கூடுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவசரம் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் வாடகை வண்டியே ஓடட்டும், நோட்டு எழுதுவது மட்டும் தொடரட்டும். பதில் கிடைத்துவிட்டால் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேராகவே ஷோரூமுக்குப் போங்க.